முன்வாசல் வழியாக வந்த துப்பறிவாளி

சென்ற வாரம் காளையார்கோவில் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்குப் போகிறவள் போலிருக்கிறது. கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து முகத்துக்குப் பவுடர் ஒற்றினாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பாதிப் பவுடர் என் புடவையில் கொட்டியது. "சாரி ஆன்ட்டி" என்று தட்டிவிட வந்தாள். "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. சிரிப்புக்குக் காரணம் நீ. கோபத்துக்குக் காரணம் உன் அண்ணன் மகன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துச் சாப்பாட்டுப் பந்தியில் அவன் சொன்னான்: "எங்க அத்தை சின்ன வயசுலயே துப்பறியும் கதையாப் படிச்சுக் கெட்டுப்போனவுக. யாரையும் விட மாட்டாக, எதையாச்சும் கேட்டுக்கிட்டே இருப்பாக." எல்லோரும் சிரித்தார்கள். அவன் பாசத்தோடுதான் சொன்னான். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. "கெட்டுப்போகலை தம்பி, அதைப் படிச்சுத்தான் உருப்பட்டா" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. விளக்கிச் சொல்வதற்குள் ரசம் வந்துவிட்டது. அந்த விளக்கத்தைத்தான் உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேனே என்று நீ சலித்துக்கொள்வாய். சலித்துக்கொள், பரவாயில்லை.

அறுபதுகளின் கடைசி. செக்காலையில் என் அப்பாவின் வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டக் காத்திருப்பவர்களுக்காக அப்பா வாங்கிப்போட்ட பத்திரிகைகளில் சிறுவர் வார இதழ் ஒன்றும் இருந்தது. அதில் ஓடிய தொடர்கதைக்காக நீயும் நானும் பள்ளிக்கூடம் விட்டதும் தாவணி முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவருவோம். மூன்று பையன்கள், ஒரு நாய், மலை மேல் ஒரு பங்களா. கள்ளக்கடத்தல்காரர்கள் எல்லோருக்கும் கன்னத்தில் மச்சம். பையன்களில் ஒருவனுக்கு ஒரு தங்கை. அவளுடைய வேலை டிபன் கேரியர் தூக்கி வருவது. வாரம் தவறாமல் கல் தடுக்கி விழுவாள், மாட்டிக்கொள்வாள், அண்ணன்மார் வந்து கட்டை அவிழ்ப்பார்கள்.

"மூணு பேரு ஓடுற அதே பாதைதானேடி, இவளுக்கு மட்டும் எங்கேருந்து கல்லு வருது?" என்று நீ கேட்டாய். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கதை எழுதுறவரு கொண்டாந்து போடுறாரு ஆத்தா" என்றார். அன்றிலிருந்து கதை எழுதுகிறவர்மேல் உனக்கு ஒரு கண். ஆனால் படிப்பதை நீ விடவில்லை. அதைத்தான் உன் அண்ணன் மகனுக்குச் சொல்ல வேண்டும். திட்டிக்கொண்டே படித்தோம். பிள்ளைகள் பெரியவர்களைக் கேள்வி கேட்கலாம், பெரியவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நமக்குச் சொன்ன எழுத்து வேறு எது இருந்தது? பாடப்புத்தகம் சொல்லவில்லை. வீட்டில் கேட்டால் வாயிலேயே ஒன்று போடுவார்கள்.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். கைரேகை பிடிக்கப் பவுடர் தூவ வேண்டும் என்று அந்தத் தொடரில் வந்த வாரம், உன் பெஞ்சிலிருந்து உப்பு நெல்லிக்காய் காணாமல் போனது. என் அக்காவின் பவுடர் முழுவதையும் நெல்லிக்காய் இருந்த டப்பாவின் மூடியிலும் பெஞ்சிலும் கொட்டினோம். ரேகை கிடைத்தது. வகுப்பில் எல்லோருடைய ரேகையும் கிடைத்தது, டீச்சருடையது உட்பட. டீச்சர் நம் இருவரையும் வெயிலில் நிறுத்தி, "போலீஸ்காரன் பொண்டாட்டியாப் போகப்போறீகளா?" என்று கேட்டார். "போலீஸாவே போவேன் டீச்சர்" என்றாய். இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. கால் கொதித்தாலும் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

விளையாட்டு அதோடு சரி. அடுத்து வந்தது விளையாட்டில்லை.

உன் ஆத்தா அப்போது வேலை பார்த்தது ஒரு பெரிய வீட்டில். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடு. அந்த வீட்டு ஆச்சியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவு முழுக்கப் பரப்பி வைத்து ஊரே பார்த்தது. அதில் ஒரு வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. ஆச்சி தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்ததை மகளுக்கு வைத்திருந்தார். சாமான்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தச் செம்பு மட்டும் இல்லை. திருநீறு போட்டு அதைக் கடைசியாகத் துலக்கி வைத்தது உன் ஆத்தா.

வளவில் சொந்தக்காரர்கள் கூடி நிற்க, ஆச்சி உன் ஆத்தாவைப் பார்த்துச் சொன்ன சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். அன்று மாலையே அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்து அரிசிப்பானை வரை கவிழ்த்துப் பார்த்தார். உன் பள்ளிக்கூடப் பையையும் உதறினார். ஆத்தா ஒரு மூலையில் உட்கார்ந்து, "நான் எடுக்கலை, நான் எடுக்கலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் வெள்ளனப் போலீசில் சொல்லப்போவதாகக் கணக்குப்பிள்ளை எச்சரித்துவிட்டுப் போனார்.

நான் பவுடர் டப்பாவோடு ஓடிவந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அன்று எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. நீ டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தாய். "துலக்குனது ஆத்தா. ரேகை பாத்தா ஆத்தா ரேகைதான் இருக்கும். திருடனத் தேட வேணாம்டி. செம்பத் தேடுவோம்" என்றாய். பிறகு ஆத்தாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாய்.

"அங்க எங்கெங்க தேடுனாக?"

"எல்லா எடமுந்தான். அடுப்படி, பின்கட்டு, மாட்டுக்கொட்டகை வரைக்கும்."

"தேடாத எடம்?"

"ஆச்சி அறை. சாவி அவுக இடுப்புல இருக்கு. அதை யாரு தேடுவா?"

"செம்புல என்ன எழுத்து வெட்டியிருந்துச்சு?"

ஆத்தா அழுகையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். அந்த வீடுகளில் கரண்டி முதல் அண்டா வரை உடையவரின் முதலெழுத்துகளை வெட்டி வைத்திருப்பார்கள். கல்யாணம் போன்ற நாட்களில் நாலு பேர் வீட்டுப் பாத்திரங்கள் ஒன்றாகப் புழங்கும். எடுத்து வைக்கும்போது எழுத்தைப் பார்த்துப் பிரித்து, அவரவர் அறையில் சேர்த்துவிடுவார்கள். கை தன்னால் செய்யும் வேலை அது. மகளின் புதுச் சாமான்களில் மகளின் எழுத்து இருந்தது. பன்னீர்ச் செம்பு பழசு. அதில் ஆச்சியின் எழுத்துத்தான் இருந்தது.

"அப்ப ஆச்சி அறைக்குத்தானே போயிருக்கும்" என்றாய். உன் ஆத்தா வாயைப் பொத்திக்கொண்டார். "தெரிஞ்சாலும் அதைப் போயி யாருடி அவுககிட்டச் சொல்றது?"

மறுநாள் காலை நீ சொன்னாய். என்னையும் இழுத்துக்கொண்டுதான். வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் பின்கட்டு வழியாகத்தான் போக வேண்டும். நீ முன்வாசலில் ஏறினாய். நான் உன் தாவணியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். கணக்குப்பிள்ளை பாய்ந்து வந்தார். "ஏய், இங்குட்டு எங்க வாரீக? பின்னால சுத்தி வாங்க."

"பின்னால நின்னு சொன்னா ஆச்சிக்குக் கேக்காதுங்க" என்றாய்.

சத்தம் கேட்டு ஆச்சி வளவுக்கு வந்தார். மறுவீட்டுக்கு வந்திருந்த புதுப்பெண்ணும் பின்னாலேயே வந்து நின்றாள். நீ கும்பிட்டாய். "ஆச்சி, உங்க அறையை ஒரு தடவை திறந்து பாருங்க. செம்புல உங்க எழுத்து இருக்கு. உங்க சாமானோட சேந்து போயிருக்கும்."

"என் வீட்டுச் செம்பை நானே திருடிக்கிட்டேன்னு சொல்றியா?"

"திருட்டுங்கிற பேச்சை நான் எடுக்கலை ஆச்சி. நீங்கதான் எடுத்தீக."

அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் 'எழுத்து' என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. இடுப்புச் சாவியை எடுத்தார். உள்ளே போனவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கையில் செம்பு இல்லை. ஒரு தட்டு இருந்தது. வெற்றிலை பாக்கு, சீப்புப் பழம், மடிப்புக் கலையாத சேலை ஒன்று. "செம்பு இருக்குன்னு சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, தட்டை உன் பக்கம் நீட்டினார். "உங்காத்தாவை வேலைக்கு வரச்சொல்லு."

கதையில் என்றால் முடிந்தது. பையன்களை இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக்கொடுப்பார், நாய் வாலை ஆட்டும், எல்லோரும் கேசரி சாப்பிடுவார்கள். நான் தட்டை வாங்கவே கையை நீட்டிவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இறக்கினாய்.

"சேலை வேணாம் ஆச்சி. எங்காத்தாவைச் சொன்னப்ப இங்க எல்லாரும் நின்னாக. அவுகளைக் கூப்புட்டு, அவ எடுக்கலைன்னு சொல்லுங்க."

கணக்குப்பிள்ளை உன் தோளைப் பிடித்து இழுத்தார். நீ பக்கத்திலிருந்த தேக்குத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாய். உன் இரண்டு கைக்கும் அடங்காத தூண். அவர் இழுக்க இழுக்க நீ கன்னத்தைத் தூணில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாய். நானும் ஓடிப்போய் உன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். புதுப்பெண்தான் முன்னால் வந்தாள். "சொல்லிருங்க ஆத்தா. மாமியார் வீட்டுல என்னையுந்தானே ஒரு மாதிரி பாத்தாக" என்று தன் தாயிடம் சொன்னாள்.

ஆட்கள் வந்தார்கள். ஆச்சி முற்றத்தைப் பார்த்தபடி, "அவ எடுக்கலை. என் கைத்தவறு" என்றார். முணுமுணுப்பாகத்தான் சொன்னார். "கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்கலை ஆச்சி" என்று தூணிலிருந்து உன் குரல் வந்தது. அவர் மறுபடி சொன்னார். இந்த முறை வளவு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் நீ தூணை விட்டாய்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. உன் ஆத்தா அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை. அந்தத் தெருவில் வேறு யாரும் கூப்பிடவும் இல்லை. வாயாடிப் பிள்ளை பெற்றவள் என்று பெயராகிவிட்டது. பிள்ளையார்பட்டியில் ஒரு சத்திரத்தில் வேலை கிடைக்கும்வரை உங்கள் வீட்டில் கஞ்சிதான். ஆத்தா உன்னை இரண்டு அடி அடித்தார். ஆனால் அவர் அதற்குப் பிறகு தலையைக் குனிந்து தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. நீ கெட்டுப்போனதாக உன் அண்ணன் மகன் சொல்வது இதைத்தான். அவனுடைய அப்பத்தா கடைசிவரை நிமிர்ந்து நடந்தது எதனால் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பத்தாம் வகுப்பில் நீயே ஒரு கதை எழுதி அந்த வார இதழுக்கு அனுப்பினாய். இரண்டு பெண்கள் துப்பறியும் கதை. ஆசிரியர் குழுவிலிருந்து அன்பாகத்தான் பதில் வந்தது. பெண்களைப் பையன்களாக மாற்றினால் போடலாம், பொருள் கிடைத்த பிறகு வரும் கடைசி அத்தியாயத்தில் விறுவிறுப்பு இல்லை, அதை எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். மாற்றிக்கொடு என்று நான் கெஞ்சினேன். உன் பெயரை அச்சில் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. "கடைசி அத்தியாயத்துக்காகத்தானே கதையே எழுதுனேன்" என்றாய். அதை அவர்களுக்கும் அஞ்சலட்டையில் எழுதிப்போட்டாய். கதை வரவில்லை.

எழுபதுகளில் உனக்குச் சிவகங்கையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. அலுவலகத்தில் யார் மேலாவது பழி விழுந்தால் முதலில் எழுந்து கேள்வி கேட்பது நீதான் என்று உன்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம். உனக்கு அதில் வருத்தம் இருந்தது. அதை நீ மறைக்கவும் இல்லை. ஆனால் ஒரு தடவைகூட வாயை அடக்கியிருக்கலாம் என்று சொன்னதில்லை.

நான் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். துப்பறியும் கதைதான் வேண்டும் என்பார்கள். இப்போதெல்லாம் கதைகளில் பெண் பிள்ளைகளும் துப்பறிகிறார்கள், கல் தடுக்கி விழுவதில்லை, கேட்க உனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எல்லாக் கதையும் இன்னும் அதே இடத்தில்தான் முடிகிறது. போன வாரம் வாசித்ததில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பொருளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் வாட்ச்மேனைச் சந்தேகப்பட, அவரை வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் உண்மைத் திருடன் பிடிபடுகிறான். பிள்ளைகள் கைதட்டிவிட்டுச் செருப்பைத் தேட எழுந்தார்கள்.

"உட்காருங்க. இன்னும் முடியலை" என்றேன்.

"புத்தகத்துல அவ்வளவுதானே ஆன்ட்டி?"

"புத்தகத்துல அவ்வளவுதான். வாட்ச்மேன் எங்க?"

ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "அவரைக் கூப்பிட்டு, தப்பு எங்க மேலதான்னு சொல்லணும்."

"யாரு சொல்லணும்? எங்க வச்சு?"

அவள் யோசித்தாள். "வீட்டுக்காரர்தான். அந்த ஃபிளாட்ல இருக்கிற எல்லாரையும் கீழ வரச்சொல்லி" என்றாள்.

அப்புறம்தான் பிள்ளைகளை வீட்டுக்குப் போகவிட்டேன். நூலகர் அம்மா கடிகாரத்தைக் காட்டினார். வாராவாரம் இப்படியே நேரமாக்குகிறீர்கள், கதை முடிந்ததும் அனுப்பிவிடக் கூடாதா என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.