ரத்தம் போகவில்லை என்றாய், நம்பினேன்

என் உயிரான அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மீன்சுருட்டி வீட்டில் உன் தையல் மிஷினில் இப்போது உன் மகள் வள்ளி உட்காருகிறாள். நான் பழையபடி பெரம்பலூர் பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிறேன். பயணி சிரித்தாலும் சந்தேகம், முறைத்தாலும் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் உன் விஷயத்தில் எங்கே போயிருந்தது? அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனபோது மூலச்சூடு என்று மோர் கொடுத்தே காலத்தைக் கடத்தினோம். குடல் அடைத்துக்கொண்ட பிறகுதான் புற்றுநோய் என்றார்கள். அந்தப் பயத்தில் ஞாயிறுதோறும் உனக்குப் போன் போட்டேன்.

"ரத்தம் ஏதும் போவுதாக்கா?"

"அதெல்லாம் இல்லடா. ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்குது. அசதி, அவ்ளோதான்."

நிம்மதியாகப் போனை வைத்தேன். முருங்கைக்கீரை தின்னச் சொல்லி வைத்தியம் வேறு பார்த்தேன்.

கருமாதி முடிந்ததும், உனக்கும் குடல் புற்றுநோய் என்ற ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். ஒரே நோய் என்றால் அப்பாவுக்கு வந்த அறிகுறி உனக்கு ஏன் வரவில்லை? வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர் ஒரு தாளில் குடலை வரைந்து, இடது ஓரத்தில் 'வலது' என்று எழுதினார். பிடித்துவிட்டேன் திருடனை!

"சார், இடம் வலம் மாத்தி எழுதியிருக்கீங்க."

அவர் தாளைத் தன் சட்டைமேல் வைத்துக் காட்டினார். "எதிர்ல நிக்கிறவங்களோட வலதுங்க இது. உங்க அப்பாவுக்கு இடது பக்கம். அங்க குடல் குறுகல், மலம் இறுகி வரும். கட்டி வந்தா அடைக்கும், ரத்தம் கண்ணுல படும். அக்காவுக்கு வலது. அங்க குடல் அகலம், எல்லாம் கூழாத்தான் இருக்கும். கட்டி சத்தமில்லாம வளரும். ரத்தம் கசியறது பாத்தாத் தெரியாது. சோகைதான் காட்டிக்குடுக்கும்."

எனக்கு அவமானமாக இருந்தது. நீ பொய் சொல்லவில்லை. நான்தான் அப்பாவின் நோயை உன்னிடம் தேடிக்கொண்டிருந்தேன். ஊரையே சந்தேகப்பட்டவன் என் கேள்வியைச் சந்தேகப்படவில்லையே, அக்கா.

போன வாரம் வள்ளி சொன்னாள்: "அசதியா இருக்கு மாமா. ஆனா ரத்தம்லாம் இல்ல, பயப்படாதீங்க."

உடனே டாக்டரிடம் போகலாம் என்றேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றால் வெட்கப்படுகிறாள். கல்யாணப் பேச்சு நடக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார் உன் வீட்டுக்காரர். வெறும் சோகையாகவும் இருக்கலாம். உன்னையும் அப்படித்தானே நினைத்தேன்?

"ரத்த சொந்தம் எல்லாரும் பாத்துக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை அந்தச் சோதனைக்கு அவளுக்கு முன்னால் நான் படுக்கிறேன், அப்போதாவது வெட்கம் விடட்டும். அவள் கோபித்துக்கொண்டாலும் சரி, இழுத்துக்கொண்டாவது போவேன். உன் மகளை உன்னிடம் அவ்வளவு சீக்கிரம் அனுப்பமாட்டேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
செல்வம்