நாலாயிரத்து ஏழு செங்கல்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோட்டுக்கு மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. இந்த ஒரு கடிதத்துக்கு மூன்று காலைகள் ஆயின.

மயிலாப்பூரில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பெரிய எண் எழுதிய தாள் ஏதாவது வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் டீச்சர். ரேஷன் கார்டு உறையைத் துழாவினால், கோபாலபுரத்தில் நாம் வேலை பார்த்த வீட்டுக்குச் செங்கல் வந்த சீட்டு அகப்பட்டது. மடிப்பில் இன்னும் சிவப்புப் பொடி. நானே படித்தேன்: 4007.

அந்த லாரியோடு வந்தவன் நீ. இறக்கி எண்ணியவன் நான். வரிசைக்குப் பத்துக் கல்லாக நானூறு வரிசை நின்றது. கடைசியில் ஏழு கல்தான். சரியான லோடு என்றால் வரிசை முழுதாக நிற்கும், அதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. எட்டெட்டாக அடுக்கினோம், ஒன்று குறைந்தது. பன்னிரண்டாக அடுக்கினோம், அப்போதும் ஒன்று குறைந்தது. எனக்கோ முதலில் குறைந்த மூன்றுதான் கண்ணில் நின்றது. அந்த வாரம்தான் ஆற்றோரத்துக் குடிசையில் உன் மனைவி மூன்று செங்கல் வைத்துப் புது அடுப்புப் போட்டிருந்தாள்.

“வழில எறக்கிட்டியா? வீட்ல சோறு நல்லா வேவுதா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

நீ கைத்தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னாய்: “கல்லு சரியாத்தான் கீது நைனா. வரிசதான் ஒத்துக்கல.”

சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். படிக்கத் தெரியாததை மேஸ்திரியிடம் மறைத்துத்தான் அந்த வேலையில் இருந்தேன். அதனால் கொடுக்கவில்லை. மறுநாளே நீ அடையாறில் வேறு வேலைக்குப் போய்விட்டாய். நீ இறந்த அன்றும் நான் தெருமுனையோடு திரும்பி வந்தேன்.

டீச்சர் சீட்டைப் பார்த்தார். “இது பகா எண் ஐயா. ஒண்ணால வகுக்கலாம், இதே எண்ணால வகுக்கலாம். வேற எதால வகுத்தாலும் மீதி வரும்.”

“அப்போ எப்படி அடுக்கினாலும்?”

“கடைசி வரிசை நிறையாது. தெருக்கோடி வரைக்கும் ஒரே வரிசையா வெச்சாதான் உண்டு.”

நானூறு பத்து, மேலே ஏழு. எழுதியிருந்ததும் அதுதான், வந்து இறங்கியதும் அதுதான். நீ ஒரு கல்லும் எடுக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் கேட்டார்: “இன்னா பெரிசு, லாட்டரியா வுழுந்துச்சு? இப்படிச் சிரிக்கிற?”

சீட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் உன் மனைவியைப் பார்த்தேன். விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.

“எங்க வூட்டு ஆளு அன்னிக்கே சொல்லிச்சே,” என்றாள். “அவனுக்குச் சீட்டு படிக்கத் தெரியாது, வெளிய சொல்ல வெக்கம், அதான் கத்திட்டான்னு. குந்து, டீ போடறேன்.”

தெரிந்துகொண்டேதான் மேஸ்திரியிடம் வாய் திறக்காமல் போயிருக்கிறாய். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. லோடு இறக்கிய லாரி மாதிரி உடம்பு லேசாகிவிட்டது. நீ காப்பாற்றிய என் மானத்தை மட்டும் இறக்கிவைக்க மனமில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

வரும் செவ்வாய்க்கிழமை ஐந்து இலக்க எண்கள் தொடங்குகின்றன. அதிலும் எந்த வரிசைக்கும் அடங்காத ஒன்றைக் கேட்டு வந்து உனக்கு எழுதுகிறேன்.