றஷ்கம் பதிவேட்டில் வெறுமையாகக் கிடக்கும் வரி

ஈஸ்ட் ஹாம்,
இலண்டன்.
03.11.2024

அன்பு மகள் மயூராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் அம்மாவும் நானும் நலம், என் முழங்காலைத் தவிர. மெல்பேர்ணில் நீயும் மருமகன் யனுஷனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நடுவில் என் குரல் உடைந்தால் நீ பயந்துபோவாய் என்றுதான் கடிதம். எழுத்து விளங்காவிட்டால் மருமகனிடம் கொடு, பாமசியில் வேலை செய்கிறவர், டொக்டர்மாரின் கையெழுத்தையே வாசிக்கிறவர்.

நீ பிறந்த அந்த இங்கிலீசுக் கிராமம் றஷ்கத்துக்கு ஒரு புத்தகம் போடுகிறார்கள். பதினொரு வீடு, ஒரு சேர்ச், ஒரு குளம், அதற்கும் ஒரு சரித்திரம். எழுதுகிறவ பழைய ரீச்சர் டோறதி. சரித்திரத்துக்கு இருபத்தெட்டுப் புள்ளி எடுத்த என்னிடம் சரிபார்க்க அனுப்பியிருக்கிறா. கொள்ளை நோயில் ஊரே செத்து நாற்பது வருஷம் ஆடுகள் மட்டும் மேய்ந்ததாம். முதலாம் உலக யுத்தத்துக்குப் போன மூன்று பேரில் ஒருவரும் திரும்பவில்லையாம். கொல்லன் பட்டறை பிறகு கடையானதாம், கடைசிக் கடைக்காரர் வாமதேவனாம், உன் அப்பாதான், அவர் பேக்கரிப் பாணை ஒருநாளும் எட்டு மணிக்கு முன் அடுக்கியதில்லையாம். அதையும் எழுதிப்போட்டா மனிசி.

கடைசிப் பக்கங்களில் சேர்ச் மயானத்தில் கிடக்கிறவர்களின் பெயர்கள் இருக்கின்றன, முந்நூற்றுப் பன்னிரண்டு. கடைசி வரியில் பெயர் இல்லை. அது உன் அக்கா. உனக்கு முன் ஒரு பிள்ளை தவறினது உனக்குத் தெரியும், மிச்சத்தை நாங்கள் சொன்னதில்லை. பத்தொன்பதாம் நாள் போய்விட்டா. பச்சைப்பிள்ளையை எரிக்கிறதில்லை, புதைக்கிறதுதான் எங்கள் வழக்கம், அங்கே வேறு நிலம் ஏது. பாதிரியார் பதிவேட்டைத் திறந்து பெயர் கேட்டார். எங்களுக்கு முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைக்கிறது என்று என் அரைகுறை இங்கிலீசில் சொன்னேன். நல்ல மனுஷன், வரியை அப்படியே வெறுமையாக விட்டார். பிறகு நாளை எண்ணிக்கொண்டிருந்து, சரியாக முப்பத்தோராம் நாள் காலை பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடையில் வந்து நிற்கிறார். உள்ளே அம்மா படுத்திருந்தா. ஒரு பிஸ்கட் பெட்டியை அவர் கையில் திணித்து அனுப்பிவிட்டேன். பிள்ளையின் பெயர் கேட்டு வந்தவருக்குப் பிஸ்கட் கொடுத்த மடையன் நான் ஒருவன்தான். அவர் அதன்பிறகு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, முப்பது வருஷமாயிற்று.

பெயர் இல்லாமல் இல்லை மகள். வயிற்றில் இருக்கும்போதே அம்மா ஒன்றைத் தெரிவுசெய்து வைத்திருந்தா. இரண்டு வருஷம் கழித்து, உன் முப்பத்தோராம் நாளில், அதையே உன் பெயராக உன் காதில் சொன்னா.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அந்த வரியில் என்ன போடுவது என்று டோறதி கேட்கிறா. உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரை அந்தப் பட்டியலில் எழுத என் கை போகவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அவ வெங்காயம் உரித்தபடி, குடுத்த பேரைத் திருப்பிக் கேக்க ஏலுமோப்பா, தமக்கைக்குத் தங்கச்சியே ஒண்டு பாத்து வைக்கட்டும் என்றா. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவ அந்தப் பேச்சுக்கு வாய் திறந்தா. வெங்காயம் உரித்து முடிந்த பிறகும் வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா.

ஆகவே நீ ஒரு பெயர் வை. நீளம் வேண்டாம், பத்தொன்பது நாள் பிள்ளை. இந்த மாதம் முடியுமுன் வேண்டும். கார் டயரையும் மாற்று, மறந்துவிடாதே. நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். பெயரை எனக்கு எழுதி அனுப்பாதே, போன் எடுத்து முதலில் அம்மாவின் காதில் சொல்லு.

என்றும் உன் அப்பா,
வாமதேவன்