டிஸ்பென்சரிச் சுவரில் உன் கை

என் தங்க அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. அங்கே தாத்தா உன் பக்கத்தில் இருந்தால் அவரிடம்கூட வேண்டாம். போர்வைக்குள் சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளியே பனிமூட்டம், எதிர் லயத்து வீடுகள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. தம்பி என் மடியில் கையை வைத்துத் தூங்குகிறான். அவன் விரல்கள் சில்லென்று இருக்கின்றன.

நேற்று பந்தைத் துரத்திப் போய்த் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றால் அறுப்பார்கள், கம்பி வைப்பார்கள் என்று அப்பாவுக்குப் பயம். எலும்பு கட்டும் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் மூங்கில் பத்தை வைத்துப் பதமாகத்தான் கட்டினார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். "வீங்கும், அதுக்கு எடம் விட்டிருக்கேன். வெரல் சில்லுன்னு ஆனா ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கட்டை ஆட்டிப் பார்த்தார். "இதென்ன லொடலொடன்னு? எலும்பு எப்பிடி நிக்கும்?" உன் பச்சைச் சேலையில் ஒரு துண்டு கிழித்து, அதன்மேல் இறுக்கிச் சுற்றினார். "அம்மா புடிச்சிக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கடா." தம்பி உடனே அழுகையை நிறுத்திவிட்டான். உன் சேலையைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

இன்று அப்பா தேயிலை ஃபேக்டரிக்கு இரவு வேலைக்குப் போன பிறகு தம்பி முனகினான். "அக்கா, அம்மா ரொம்ப இறுக்கிப் புடிக்கிறாங்க."

நகத்தை அமுக்கினேன். வெள்ளையானது. விட்டேன். வெள்ளையாகவே இருந்தது.

கத்திரிக்கோலை எடுத்து உன் சேலையை வெட்டினேன் அம்மா. வைத்தியரின் கட்டையும் தளர்த்திவிட்டேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா அப்பாவுக்குப் போன் பண்ணினார். "வந்துக்கிட்டே இருக்காராம். பனியில மெதுவாத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு திரீவீல் ஆட்டோ தேடிப் போயிருக்கிறார். அப்பா வந்தால் திரும்ப இறுக்கிக் கட்டிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

கட்டைவிரல் கொஞ்சம் ரோசாவாகிறது. அல்லது டார்ச் வெளிச்சமா?

நாம் இருவரும் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உன்னைப் போல விரல் மடங்கியவர்களைத் தேடி அவர் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தார். உன் கையை மேசையில் வைத்துப் படம் எடுத்தார். "என்னங்க டாக்டர், மூஞ்ச விட்டுட்டுக் கைய மட்டும் எடுக்கிறீங்க? நான் என்ன அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?" என்று கேட்டாய். அவர் சிரித்தார். "மூஞ்சியும் விழுந்தா எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. எனக்குக் கையப் பாக்கணும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "சின்ன வயசுல முறிஞ்ச எலும்பு நல்லாத்தான் கூடியிருக்கு. இறுக்கிக் கட்டினதுல ரத்தம் நின்னுபோச்சு. அதான் வெரலு மடங்கிருச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் காதில் சொன்னாய்: "அப்பாகிட்ட சொல்லிராத. கட்டு அவுந்துறக் கூடாதுன்னு ஒங்க தாத்தாதான் காவல் இருந்தாரு. செத்தவர இவரு ஏசுவாரு. பொறவியிலயே மடங்குன கைன்னே இருக்கட்டும்." எல்லாரிடமும் அப்படித்தானே சொல்லி வைத்திருந்தாய்?

நீ போன பிறகு நடந்ததைக் கேள். டாக்டர் அத்தனை கைகளையும் வைத்து எழுதிய ஆராய்ச்சியை வெளிநாட்டு டாக்டர்களும் படித்தார்களாம். எலும்பு கட்டுகிறவர்களையும் அவர் கூப்பிட்டுக் காட்டினாராம். நம் தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் உன் கையின் படம் பெரிதாகத் தொங்குகிறது. கீழே, 'நகம் சிவக்கவில்லையா? கட்டைத் தளர்த்துங்கள், உடனே வாருங்கள்' என்று எழுதியிருக்கிறது. "இப்பச் சின்னப் புள்ளைங்கள்ல இந்த மாதிரிக் கைய நான் பாக்கிறதே இல்ல" என்றார் டிஸ்பென்சரி நர்ஸ் மிஸ். பள்ளிக்கூடத்தில் யாராவது விழுந்தால் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து நகத்தை அமுக்கி, "வெள்ள போச்சா, ரோசா வந்துச்சா?" என்று கத்துகிறார்கள். காய்ச்சலுக்குக்கூடக் கசாயம் குடிக்கிற அப்பா மட்டும் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை.

மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் நான் அதன் கீழேதான் உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் சுவர் மறைந்துவிடும். மடங்கிய விரல்களின் முதுகால் நீ என் கன்னத்தைத் தடவுவது போலிருக்கும். சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்று விரல் சிவந்துவிட்டது அம்மா. சின்ன விரல் இன்னும் இல்லை. கட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, உடனே போகவேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது? நான் கெஞ்சினால் அப்பா கேட்கமாட்டார். "சின்னப் புள்ளைக்கு என்னடி தெரியும்" என்பார். உன் கையைப் பற்றிச் சொன்னால் கேட்பார்.

தாத்தா உன்மேல் ஆசையாகத்தான் காவல் இருந்தார். அப்பாவும் ஆசையாகத்தான் இறுக்கினார். அதையும் சேர்த்துச் சொல்கிறேன். யாரையும் ஏச விடமாட்டேன். தம்பியின் கையை விரித்த கையாகவே வளர்ப்பேன். இது சத்தியம்.

கதவு தட்டுகிறது. அப்பாதான். திறந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லப்போகிறேன்: "அப்பா, அம்மாவோட கை பொறக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

உன் மகள்