இடம் மாறி நின்ற கமா

பசுந்தாங், யாங்கோன்

அன்புள்ள அம்மாவுக்கு ஜெயசெல்வி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் உளுந்து ஏற்றுமதி அலுவலகத்தில் நேற்று ஒரு கூத்து. என் எடைப் பட்டியலில் 1,25,000 கிலோ என்றிருந்ததை, இந்த ஊர்த் தமிழரான இருதயம்மாள் அக்கா பென்சிலால் 125,000 என்று பக்கம் பக்கமாகத் திருத்திவிட்டார்.

“கமா எல்லாம் தப்பா நிக்குதே, தங்கச்சி!”

என் கணினியில் நாடு இந்தியா என்றிருப்பதால் லட்சத்துக்குக் கமா விழுகிறது என்றேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றார் மேலாளர். நாட்டை மாற்ற எனக்குக் கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்த அக்கா, தன் கணினியை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டார்.

“இப்ப ரெண்டு பேரும் ஒரே ஊரு.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. யாராவது இங்கே வந்தால் சுண்டவற்றல் கொடுத்தனுப்புங்கள், இரண்டு பொட்டலமாக.

உங்கள் ஜெயா