நான்காம் மேசையைப் பார்த்தவள்

பெங்களூருக்குக் கிளம்பப் பையைக் காலி செய்தபோது அடியிலிருந்து ஒரு தோல் துண்டு வந்தது. கறுப்புத் தோல், நடுவில் சின்னக் கீறல், அதைச் சுற்றி வெள்ளிப் பேனாவில் நீ போட்ட வட்டம். முகர்ந்து பார்த்தேன். தோல் வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது. நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாம் தரப் பிரிவில் இருந்தோமே, அப்போது நான் ஒரு புரோகிராம் எழுதினேன். தோலைப் பரிசோதிக்கும் மேசைகளில் எதில் அதிகம் குறை சொல்லிக் கழிக்கிறார்கள் என்று அது சொல்லும். நான்காம் மேசை என்று அடித்துச் சொன்னது. நல்ல தோலை வீணாக்குகிறார்கள் என்று அங்கிருந்த நான்கு பெண்களையும் வேலையிலிருந்து எடுத்துவிட மேனேஜர் தயாராகிவிட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீதான் வந்து கத்தினாய்.

“கம்ப்யூட்டரையே மொறச்சிக்கினு இருந்தா இன்னாடி தெரியும்? கீழ வா!”

இழுத்துக்கொண்டு போனாய். நான்காம் மேசை ஜன்னலோரம் இருந்தது. மற்ற மேசைகளில் டியூப்லைட்டில் தெரியாத கீறல் அங்கே வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

“வெளிச்சம் ஜாஸ்தி, அதான் கழிவும் ஜாஸ்தி. ஒழுங்கா பாக்கறவங்க பொழப்புல கை வெக்கப் பாத்தியே!”

மேனேஜரிடம் சொல்லும் வேலையை என்னிடமே விட்டுவிட்டாய். அவர் என்னைத்தான் பாராட்டினார். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய்.

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியின் டேட்டா சயின்டிஸ்ட் வேலைக்கு நாம் சேர்ந்துதான் படித்தோம். ஷிப்ட் முடிந்ததும் நீ கேள்வி கேட்பாய், நான் உளறுவேன், நீ திட்டுவாய். அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். ஐந்தே நாள்.

போன மாதம் இன்டர்வியூவின் கடைசிச் சுற்று. திரையில் ஒரு அம்மையார், அன்பாகத்தான் பேசினார். நான்காம் மேசைக் கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அருமை. நேர்ல போய்ப் பார்க்கணும்னு யாருக்குத் தோணுச்சு?”

உன் பெயர் வாய்வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

“எனக்குத்தான்” என்றேன்.

“நாங்க தேடறது இப்படிப்பட்ட ஆளைத்தான்” என்று சிரித்தார்.

வேலை கிடைத்துவிட்டது. இனிப்போடு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அவ இருந்திருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா போயிருப்பீங்க இல்லம்மா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாய்க் காப்பியைக் குடித்துவிட்டு, வர்றேம்மா என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வெட்கமே இல்லை.

திங்கட்கிழமை சேர வேண்டும். காலையிலிருந்து வாழ்த்துச் சொல்லிப் போன் மேல் போன். எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன். திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. அவர்கள் தேடியது உன்னைத்தான். அது தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.