நடு அசையில் ஒரு தட்டு

மார்ச் 4
மகன் போனில் சொல்லிவிட்டான். ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பெண்ணாம். ஜூனில் கல்யாணமாம். "நீங்க வராட்டியும் நடக்கும்பா." பெண்ணின் அப்பாவிடமே பேசி நிறுத்துகிறேன். அவருக்கு வேறு பாஷை வராதாம். வராவிட்டால் என்ன, நான் கற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 9
மனைவி சிரிக்கிறாள். "சண்டை போடறதுக்கு யாராவது பாடம் படிப்பாங்களா?"
அச்சகத்தில் ஊரார் பிழையைத் திருத்திச் சாப்பிடுகிறவன் நான். திட்டும்போது பிழை விட்டால் மானம் போகாதா?

மார்ச் 17
‘ஆப்லோ’ – முன் அசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’, பின் அசையை அழுத்தினால் ‘அவர் பேசினார்’. நம் வாயில் எல்லா அசையும் சமம். இங்கே ஒன்று மட்டும் வீட்டுப் பெரியவர் மாதிரி அதட்டுகிறது. எனக்குப் பிடித்துப்போயிற்று.
எனக்கு வேண்டியது ஒரே சொல்: ‘தடுக்கிறேன்’. ப்ரோ-ஈ-போ. நடுவில் அழுத்தம். முதல் இரண்டையும் ஒட்டிவிடக் கூடாது. மேஜையில் தட்டித் தட்டிச் சொல்கிறேன். மனைவி தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 12
முதல் இரண்டு அசையும் இன்னும் ஒட்டிக்கொண்டேதான் வருகிறது. பையனும் போன் செய்யவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஏப்ரல் 26
வீடியோ அழைப்பு. மகன்தான் இணைத்தான், முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணின் அப்பா பஸ் ஓட்டுநர், சீருடையோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்று, மேஜையைத் தட்டிச் சொன்னேன்: ப்ரோ-ஈ-போ!
மனிதர் கைதட்டினார்! தன் மனைவியைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன், என்ன செய்ய.
"அழுத்தம் அவ்வளவு சுத்தமா இருக்காம்பா," என்றான் மகன். "நான் இன்னும் தப்பாத்தான் சொல்றேனாம்." பிறகு, "எதைத் தடுக்கறீங்கன்னு கேக்கறார்."
அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பையன் இளைத்திருந்தான். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.
"ஒண்ணுமில்லைன்னு சொல்லு," என்றேன்.

மே 10
பெண்ணின் அப்பா மறுபடி அழைத்தார். இறந்தகால வினைகள் சொல்லிக்கொடுத்தார். பின்னால் திட்டுவதற்கு உதவும்.

ஜூன் 2
சம்பந்தி அழைத்தார். கல்யாணத்தில் நான் எழுந்து ஒரு சொல் சொன்னால் போதுமாம்: ‘சம்மதிக்கிறேன்’. கொன்-ஸியென்-தோ. இதற்கும் மூன்று அசை, இதற்கும் நடுவில்தான் அழுத்தம். மேஜையில் தட்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளேயிருந்து மனைவி: "இன்னும் தடுத்துக்கிட்டுத்தான் இருக்கீங்களா?"
"ஆமா," என்றேன்.
பயணப் பெட்டியில் என் வெள்ளைச் சட்டையை அவள் ஏற்கெனவே மடித்து வைத்திருக்கிறாள்.